வடித்த நீரும் சேர்க்கும் நீரும்

மழை குன்றிய தேசத்தில் தண்ணீர்ப் பஞ்சம் தோன்றுதல் இயற்கை. மழை மிகுந்த தேசத்திலும் அது தோன்றுமாயின், அதன் காரணத்தை ஆராய்தல் அறிவுடையார் கடமையாகும். காப்பார், கிள்ளான் வட்டாரத்தில் வாழும் நமக்கு அக்காரணத்தை நமது சரித்திரமே தெரிவிக்கின்றது.

தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் இங்கு நீரைச் சேர்க்கவில்லை. நீரை வெளியேற்றவே உழைத்தனர். கடலோரத்துத் தாழ்ந்த சமவெளியில் கடல்நீர் புகாவண்ணம் கரை கட்டி, வடிகால் வெட்டிய பின்னரே ரப்பர் வளர்ந்தது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த வைத்திய அதிகாரி டாக்டர் மால்கம் வாட்சன், கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நீரை வடிப்பித்து மலேரியாவைக் குறைத்தார். தேங்கிய நீர் அன்று உயிரைக் கொண்டது. ஆதலின் அதனை ஓட்டியது நற்செயலே. ஆயின், ஓட்டுவதற்குக் கற்ற நாம் வேண்டிய அளவு பிடித்து வைப்பதற்குக் கற்றோமில்லை.

லயங்களில் பொதுக்குழாயினின்று குடம் சுமந்த தாய்மாருக்கு ஒவ்வொரு குடத்தின் அருமையும் தெரிந்திருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய குழாய்நீரை இலவசமாக அளித்தல் முதலாளியின் கடமையென 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இது நியாயமான உரிமை. எனினும் குழாய் வீட்டினுள் வந்ததும் அந்த அருமை மறந்து போயிற்று.

1998-ஆம் ஆண்டில் எல் நினோ வறட்சியால் அணைகள் வற்ற, கிள்ளான் பள்ளத்தாக்கின் பல பகுதிகள் பல மாதம் பங்கீட்டு நீருக்குக் காத்து நின்றன. 2014-இல் சிலாங்கூரில் மீண்டும் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரிலோ வானம் பிழைக்கவில்லை. மனிதர் ஆற்றில் கலந்த கழிவினால் சிலாங்கூர் ஆற்று நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஒவ்வொரு முறையும் மாடிப் படிகளில் வாளி சுமந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளும் பெண்களுமே.

1998-இன் படிப்பினையால், கூரை மழைநீரைச் சேர்க்கும் முறைகளை அரசாங்கம் 1999-இல் வெளியிட்டது. கணக்கு எளிது. 40 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர் விழுகின்றது. தகரத் தூம்பு ஒன்றும் தொட்டி ஒன்றும் இருப்பின், துணி துவைக்கவும், தரை கழுவவும், செடிக்கு வார்க்கவும் அது போதும். முதல் மழையின் அழுக்கு நீரை விலக்குக, அதனைக் குடிக்கற்க. தொட்டியை இறுக மூடுக. இன்றேல், மலேரியாவை ஓட்டிய இம்மண்ணில் டெங்கிக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியவராவோம். நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் ஒரு நாளில் 86,400 துளிகளை வீணாக்குகின்றது. அதற்குச் சில காசு விலையுள்ள ரப்பர் வளையமே மருந்து. அரிசி களைந்த நீர் கறிவேப்பிலைக்கு உதவும்.

இவற்றைச் செய்வதனால், ஆற்றைக் கெடுப்போரைத் தண்டிக்கும் பொறுப்பு அரசாங்கத்தை விட்டு நீங்காது. அதனை வற்புறுத்திக் கேட்போம். மாரியை வேண்டிப் பொங்கலிடும் நாம், அம்மாரி பொழியும் நாளில் கூரையடியில் ஒரு தொட்டியும் வைப்போமாக.