கோவில்பட்டியில் இறங்கிய நாடகப் படுதா

பூஜை அறையில் மாட்டியிருக்கும் பழைய கஜலட்சுமி படத்தில் லட்சுமியை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். தொலைவில் நீலம் பூசிய மலை, அதற்கு முன்னால் ஏரி, ஓரத்தில் மரம். கருங்கல்லிலும் செம்பிலும் தெய்வங்களைச் செய்தவர்களுக்கு இந்த மலையும் ஏரியும் தேவைப்படவில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில்கூட கண்ணனைச் சுற்றி மண்டபமும் திரைச்சீலையும் தங்க ரேக்கும்தான் உண்டு. தொலைவு என்ற ஒன்று கிடையாது. அந்த மலை நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றி வந்தபோது, மேடைக்குப் பின்னால் தொங்கிய படுதாக்கள் நடிகர்களுக்குச் சமமாகக் கூட்டத்தைக் கவர்ந்தன. பார்க்கப் பார்க்க உள்ளே போகும் தூண் வரிசை, சிறுத்துக்கொண்டே செல்லும் தெரு, ஆழமான காடு. தமிழ்க் கம்பெனிகளும் இதைப் பிடித்துக்கொண்டன. தெரு சீன், காட்டு சீன், தர்பார் சீன் என்று சுருட்டி வைத்த படுதாக்கள் நடிகர்களோடு ரயிலேறின. நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபாவுக்கு வந்த கூட்டத்தில் பாதி தந்திரக் காட்சிகளுக்காகவே வந்தது என்று சொன்னால் மிகையாகாது. படுதா எழுதும் ஓவியருக்கு நளினம் முக்கியமல்ல. காஸ் விளக்கு வெளிச்சத்தில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் அரண்மனை அரண்மனையாகத் தெரிய வேண்டும். அழுத்தமான வண்ணம், தெளிவான விளிம்பு, நேரே பார்க்கும் முகம் என்று அந்தக் கைகள் பழகிக்கொண்டதன் காரணம் இதுதான்.

அப்படிப் பழகிய கைகளில் ஒன்று சி. கொண்டையராஜுவுடையது. 1898இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அலெக்சாண்டர் ஹன்டர் 1850இல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் பின்னாளில் எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி ஆனது. வெள்ளைக்கார ஆசிரியர்களிடம் நிழலும் ஒளியும் கற்றவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்துவிட்டு நாடகக் கம்பெனியில் படுதா எழுதப் போனார். 1940களில் கம்பெனி கலைந்தபோது அவர் நின்ற ஊர் கோவில்பட்டி. கரிசல் பூமி, பருத்தி மில், தீப்பெட்டி ஆபீஸ் என்று இருந்த அந்த ஊரிலேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ பிறந்தது.

டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளாமல் துறவியைப் போல வாழ்ந்த குருவும் சீடர்களும் சேர்ந்து வரைந்த படங்கள் உண்டு. சிலவற்றில் இரண்டு பெயர்களும் ஒன்றாகவே இருக்கும். எது யார் தூரிகை என்று பிரிப்பது இன்று ஆராய்ச்சியாளர்களின் தலைவலி. கையெழுத்தை உயிராக மதிக்கும் நவீன ஓவிய உலகம் இவர்களை நீண்ட காலம் ஏறெடுத்தும் பார்க்காததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். இழப்பு அந்த உலகத்துக்குத்தான்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் ஓடாத நேரத்தில் எந்திரத்துக்கு வேறு வேலை வேண்டும். அந்த வேறு வேலைதான் காலண்டர். ஓவியர் கோவில்பட்டியில், அச்சகம் சிவகாசியில், வாங்குபவர் ஊர்தோறும் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும். இதைவிடக் கச்சிதமாக ஒரு கலைக்குச் சந்தை வாய்த்ததில்லை.

அச்சில் சாமி படம் வருவதை இவர்கள் தொடங்கி வைக்கவில்லை. 1894இல் பம்பாயில் ராஜா ரவி வர்மா அச்சகம் வைத்தபோதே லட்சுமியும் சரஸ்வதியும் அரண்மனைச் சுவரிலிருந்து நடுத்தர வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட படங்கள் அவை. செட்டிநாட்டு வீடுகளில் உயரத்தில், சற்று முன்சாய்வாக, வரிசையாக மாட்டினார்கள். சிலர் அச்சுப் படத்துக்கே ஜரிகையும் சமிக்கியும் தைத்துச் சேலை கட்டி அழகு பார்த்தார்கள். கொண்டையராஜு காலத்தில் நடந்தது விலைப் புரட்சி. ரவி வர்மா படத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். காலண்டர் படம் மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்கு முன்னால் கையில் திணிக்கும் இலவசம். வருஷம் முடிந்ததும் கீழே கடைப்பெயரை வெட்டிவிட்டுக் கண்ணாடி போட்டால் அது சாமி படம். கூரை வீட்டு மண்சுவருக்கும் ஏரியும் மலையும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ரவி வர்மாவின் அச்சுக்கூடத்திலிருந்து சினிமாவுக்கும் ஒரு வழி போகிறது. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை எடுத்த தாதாசாகேப் பால்கே, படமெடுக்க வருவதற்கு முன் ரவி வர்மா அச்சகத்துக்கு வேலை செய்தவர். இந்திய சினிமாவின் முன்னோடியே சாமி படம் அச்சான இடத்தில் கண்ணைப் பழக்கிக்கொண்டவர் என்றால், பின்னால் வந்த புராணப் படங்கள் காலண்டரைப் போல இருந்ததில் வியப்பில்லை. சென்னையிலும் தொழில்களுக்கு இடையே சுவர் இல்லை. கே. மாதவன் நாடகத் திரை, சினிமா பேனர், பத்திரிகை அட்டை, காலண்டர் எல்லாம் வரைந்தவர். மவுண்ட் ரோட்டில் அண்ணாந்து பார்த்த பேனரையும் வீட்டுச் சுவரில் கும்பிட்ட அம்மனையும் ஒரே கை வரைந்திருக்கக்கூடிய காலம் அது.

ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ (1965), ‘சரஸ்வதி சபதம்’ (1966), ‘கந்தன் கருணை’ (1967) என்று வரிசையாக எடுத்தபோது, கயிலாயம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சுவரில் பார்த்ததுதான் திரையில் அசைந்தது. வீணையோடு சாவித்திரி வந்ததும் கொட்டகைக்கு அது சரஸ்வதி என்று தெரியும். அவர் வாய் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறகு ஓட்டம் திரும்பியது. ‘மாயாபஜார்’ (1957) கிருஷ்ணரான என்.டி. ராமாராவின் முகம் ஆந்திரத்தில் காலண்டர் கிருஷ்ணரின் முகமாகவே ஆனது. இடையில் சுவாரசியமான ஒரு தற்செயல்: ‘கந்தன் கருணை’யில் முருகனாக நின்ற சிவகுமார், கொண்டையராஜு படித்த அதே எழும்பூர்க் கல்லூரியில் ஓவியம் படித்தவர்.

கொண்டையராஜு 1976இல் மறைந்தார். ஆப்செட் எந்திரம் வேகமெடுத்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்து, பழைய முகங்களை வெட்டி ஒட்டிப் புதுப் பின்னணி போடத் தொடங்கியது. அந்தப் படங்களில் கிரீடம் மின்னும் அளவுக்கு முகம் மின்னுவதில்லை. பேனர் ஓவியர்களைப் பிளெக்ஸ் வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் இந்தக் காட்சி மொழிக்குப் புது வாடிக்கையாளர்களும் கிடைத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக் காலண்டருக்காகப் புகைப்படக்காரர் ஜி. வெங்கட்ராம், சமந்தா, ஸ்ருதி ஹாசன், ரம்யா கிருஷ்ணன் போன்ற நடிகைகளை ரவி வர்மா ஓவியங்களாக நிறுத்திப் படமெடுத்தார். சுஹாசினியின் ‘நாம்’ அறக்கட்டளைக்காகச் செய்தது. ஓவியத்திலிருந்து அச்சு, அச்சிலிருந்து சினிமா என்று போன பயணத்தில் இந்த முறை சினிமா நடிகையே ஓவியத்துக்குள் போய் நின்றார்.

சிவகாசியில் இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகிறது. வெளியூர் ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பக்கங்களைப் புரட்டுகிறார்: பிள்ளையார், ஏழுமலையான், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, பூந்தோட்டம், குழந்தை. எந்தப் படம் வாடிக்கையாளர் வீட்டு ஹாலில் ஒரு வருஷம் தொங்கும், எது பரணுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். எண்ணிக்கையைச் சொல்லி, கடைப் பெயர் எந்த எழுத்தில் வர வேண்டும் என்றும் சொல்லி, முன்பணத்தை எடுத்து வைக்கிறார்.