வாடகை சைக்கிளில் நெற்கட்டான்செவல்

1976-ம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரும் நானும் ஆளுக்கொரு வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து விடியற்காலையில் மேற்கே கிளம்பினோம். முதலில் புளியங்குடி, அங்கிருந்து மலையை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு வடக்கே வாசுதேவநல்லூர், பிறகு கிழக்கே திரும்பி, நெற்கட்டான்செவல் வழியாக வீடு. சுமார் ஐம்பது கிலோமீட்டர் வரும்.

கடைக்காரர் நோட்டில் பேரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு, "லைட் கிடையாது, டபுள்ஸ் போகப்படாது" என்றார். அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை இருந்தது, விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்பதெல்லாம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆடிக்காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, உத்தியோகத்துக்காக இங்கே வந்து சேர்ந்த எனக்குத்தான் அது புதிது. பெடலை மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. புளியங்குடி போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை இறங்கித் தள்ளினோம். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்ததும் உயிர் வந்தது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. கீழே ஒரு பொட்டு மழை இல்லை.

வாசுதேவநல்லூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. எங்களில் ஒருவருக்கு நெற்கட்டான்செவல் பூர்வீகம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பாளையக்காரர் பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று இந்த ஊரில் இருந்தது என்று அவர்தான் சொன்னார். ஊர்ப்பெயரின் கதையையும் சொன்னார். நெல்லை வரியாகக் கட்டிய ஊர் நெற்கட்டும்செவல். பூலித்தேவர் கட்ட மறுத்ததும் அதுவே நெற்கட்டான்செவல் ஆயிற்று. பிறகு குரலைத் தாழ்த்தி, "வெள்ளைக்காரன் பீரங்கி மண்சுவர்ல ஓட்டை போடப் போட, உள்ளே இருந்தவங்க வைக்கோலை வச்சு அடைச்சுக்கிட்டே இருந்தாங்களாம். எங்க ஆச்சி சொல்லுவா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "வைக்கோலை வைத்துப் பீரங்கியைத் தடுக்க முடியுமா அண்ணாச்சி? இதற்கு ரெக்கார்டு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். சரித்திரம் என்றால் எனக்கு அப்போது துப்ளே, லாலி, ராபர்ட் கிளைவ். அதை எங்கள் முசே கரும்பலகையில் எழுதிப்போட்டு, நான் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். மற்றவர்களும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அண்ணாச்சி டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழக்கே திரும்பியதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. நெற்கட்டான்செவலில் அப்போது அரசாங்க நினைவு மாளிகை எல்லாம் கிடையாது. அண்ணாச்சி தம் உறவுக்காரர் வீட்டில் மோர் வாங்கிக் கொடுத்தார். கதை எதுவும் சொல்லவில்லை. ஊரைத் தாண்டியதும் என் சைக்கிள் பஞ்சர். இருட்டும் நேரம். அதை இன்னொருவர் தம் வண்டியோடு சேர்த்துப் பிடித்து உருட்ட, அண்ணாச்சி என்னைத் தம் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார். லைட் இல்லை, டபுள்ஸ் வேறு. வழி நெடுக அவர் பேசியது ஒரே வார்த்தை: "பிடிச்சுக்கோரும்."

ஏழெட்டு வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாகத் திருநெல்வேலி போனபோது, மத்தியானம் நேரம் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்தேன். பாளையக்காரர் சண்டைகளைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. 1755-ல் கர்னல் ஹெரான் நெற்கட்டான்செவலுக்கு வந்து, கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது இருந்தது. 1761 மே மாதம் கான்சாகிபு என்ற யூசுப்கான் அதைப் பிடித்தது இருந்தது. அவர் பெயரைப் பார்த்ததும் அதே புத்தகத்தில் அவரைப் பின்தொடர்ந்து போனேன். 1758 கடைசியில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படைக்கு வரும் தானியத்தை மறித்து அலைக்கழித்தவரும் இவர்தான்! லாலி தோற்றதை நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இந்த மனிதர் பெயர் எங்கள் பாடத்தில் இல்லை. புதுச்சேரி விழுந்தது 1761 ஜனவரி. நெற்கட்டான்செவல் விழுந்தது அதே வருஷம் மே. என் ஊரும் அண்ணாச்சியின் ஊரும் நாலு மாத இடைவெளியில் விழுந்திருக்கின்றன. கான்சாகிபுவே பிறகு ஆங்கிலேயரோடு முறுக்கிக்கொண்டு, மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏற்றி, 1764-ல் தூக்கில் தொங்கினார். 1997-ல் அவர் கதையான மருதநாயகம் படத்தின் தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து ராணியே சென்னைக்கு வந்திருந்தார். அந்த வேடிக்கையை என்னவென்று சொல்ல!

புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தால், 1767. கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்குகிறார். சுவரில் விழும் உடைப்புகளை உள்ளே இருப்பவர்கள் குண்டுமழைக்கு நடுவிலும் வைக்கோலைக் கொண்டு அடைத்துவிடுகிறார்கள் என்று, வியப்பை மறைக்காமல் அவரே எழுதியிருக்கிறார்.

அந்தப் பத்தியை ஒரு தாளில் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் சங்கரநாராயணர் கோயில் வாசலில் அண்ணாச்சியைப் பிடித்தேன். பூலித்தேவர் கடைசியில் இந்தக் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கும் நான் ஒருகாலத்தில் ரெக்கார்டு கேட்டவன்தான்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவிளக்கு வெளிச்சத்தில் இரண்டு தரம் படித்தார். "எங்க ஆச்சி சொன்னா கதை. சண்டைக்கு வந்தவன் எழுதி வச்சா சரித்திரமா, வே?" என்றார்.

நான், "தப்புத்தான் அண்ணாச்சி" என்றேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதை அவர் திருப்பித் தரவே இல்லை.