ஞானாம்பாள் உயிர்பெற்ற வரலாறு

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தின் நடுவே நிற்பவர் செவியில் இரண்டு மொழிகள் ஒருங்கே வந்து விழும். ஆர்க்காட்டுத் தமிழும் சித்தூர்த் தெலுங்கும் அங்கே ஒரே பூக்கடையில் பேரம் பேசுகின்றன. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சென்ற இவ்வூர், ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் முதல் நாளன்று தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு இடம் மாறியதே தவிர, கடைத்தெருவின் பேச்சு மாறவில்லை.

இம்மலைக்கு இலக்கியப் புகழ் நிறைய உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் இதன்மேல் தணிகைப் புராணம் பாடினார். ஆயினும் அடிவாரத்தில் பேரம் பேசும் அந்தப் பூக்காரிக்கும், அவளிடம் காலணாக் குறைத்துக் கேட்கும் பக்தருக்கும் புராணத்தில் இடமில்லை. அதைக் குறையெனக் கூறலாகாது. தலத்தின் பெருமையை உரைப்பதே புராணத்தின் வேலை. சாதாரண மனிதர் ஒருவரின் ஆசையையும் அசட்டுத்தனத்தையும் பின்தொடர்ந்து செல்லும் கலை வேறு. அடிவாரத்தில் கலக்கும் இவ்விரு மொழிகளும் அந்தக் கலையை ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் கற்றுக்கொண்டன. தெலுங்கில் கந்துகூரி வீரேசலிங்கம் 'ராஜசேகர சரித்திரமு' என்னும் கதையை 1878இல் தம் இதழில் தொடங்கி 1880இல் நூலாக்கினார். இடைப்பட்ட 1879ஆம் ஆண்டில் தமிழில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது. அதை எழுதியவர் நம்மவர். கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய மாயூரம் முன்சீப்பு வேதநாயகம் பிள்ளை.

கதை எழுத விரும்பும் நம் இளைஞர்கள் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு: படைத்த பாத்திரம் ஏட்டிலேயே செத்துக் கிடக்கிறதே, அதை எப்படி எழுப்பி நடமாட வைப்பது? இதற்கு மறுமொழி தேடுவோர் வேதநாயகரின் நூலைப் படிப்பது நன்று. உயிருள்ள பாத்திரமும் உயிரற்ற பக்கங்களும் அதில் அருகருகே கிடக்கின்றன.

அவருக்கு முன்னரே நம் மரபில் உரைநடைக் கதை இருந்தது. 1747இல் மறைந்த வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை அரிது. பெஞ்சமின் பாபிங்டன் அதனை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் இலண்டனில் அச்சிட்டார். அக்கதையில் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயரே அவர்தம் முழு வரலாறு. ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கும் அவர்களைக் கண்டு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஆனால் அவர்களுள் ஒருவனாவது நாளைக்கு வேறாக நடந்துகொள்வான் என்று எதிர்பார்ப்பதில்லை. மடையன் ஒரு நாள் அறிவோடு பேசிவிட்டால் கதையே கெட்டுவிடும். நகைச்சுவைக்கு அது போதும். அவ்வகையில் முனிவரை வென்றவர் தமிழில் குறைவு. நாவலுக்கோ அது போதாது.

1826 அக்டோபர் 11இல் திருச்சியை அடுத்த குளத்தூரில் பிறந்த வேதநாயகர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் முன்சீப்பானார். சொத்துத் தகராறு, பாகப்பிரிவினை, கடன் பத்திரம் என்று நாள்தோறும் மாந்தர் வந்து நிற்கும் இடம் அது. ஒரே நிகழ்ச்சியை வாதியும் பிரதிவாதியும் இருவேறு கதைகளாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவர் தொழில். கதாசிரியனுக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

எனினும் அவர் கதையில் தொடங்கவில்லை. 1859இல் நீதிநூல் என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். 1869இல் பெண்மதி மாலை வந்தது. கையூட்டு கூடாது, பெண்களுக்குக் கல்வி வேண்டும், சினம் ஆகாது என்பனவெல்லாம் அவற்றிலேயே உள்ளன. அந்த அறங்களை எடுத்துக்காட்டுகளோடு விளக்குவது நாவல் எழுதியதன் நோக்கங்களில் ஒன்று என்பதை அதன் முன்னுரையால் அறிகிறோம். அதாவது, சொல்லவேண்டிய கருத்துகள் யாவும் முன்னமே அவர் கையில் இருந்தன, மனிதர்கள்தாம் இல்லை. பெண் கல்வி என்ற கருத்துக்கு ஞானாம்பாள் என்று பெயர் வைத்தபோது என்ன நேர்ந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கதையை நமக்குச் சொல்பவன் பிரதாப முதலியே. வேதநாயகர் எடுத்த முடிவுகளுள் மிகச் சிறந்தது இதுவென்பேன். செல்லமாக வளர்ந்த செல்வர் வீட்டுப் பிள்ளை அவன். பாடம் படிக்காவிட்டால் ஆசிரியர் அவனை அடிப்பதில்லை. அவனுக்காகக் கனகசபை அடி வாங்குகிறான். இதனை ஆசிரியர் வெளியே நின்று கண்டித்திருந்தால் நீதிநூலில் இன்னொரு செய்யுள் கிடைத்திருக்கும். அவனே தன் வாயால் சொல்லும்போது நாம் சிரிக்கிறோம், சினக்கிறோம், அவனை விரும்பவும் தொடங்குகிறோம். அவனைவிட அறிவில் உயர்ந்த ஞானாம்பாளையும் அவன் கண் வழியாகவே காண்கிறோம். தன்னினும் மேலான மனைவியை வியந்து பேசும் கணவன் குரல் தமிழுக்கு அன்று புதிது.

திருமணப் பேச்சு வருகிறது. மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதில் இரு தந்தையரும் முரண்பட, நிச்சயித்த மணம் நின்றுபோகிறது. இங்கே தீயவன் எவனுமில்லை. பிள்ளையைப் பிரிய மனமில்லாத இரு நல்லவர்களின் பிடிவாதமே துன்பத்தை விளைக்கிறது. வில்லனைத் தேடி அலையும் எழுத்தாளர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்கலாம்.

பின்னர்க் காட்டில் வழிதவறிய பிரதாபன் விக்கிரமபுரி என்னும் அயல்நாட்டில் சிக்குகிறான். அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுத்துவதாகச் சொன்னான். எவ்வளவு கொடுத்தும் எனக்குச் சந்தோஷமில்லை என்கிறான் தைத்தவன். வழக்காகிச் சிறை வாய்க்கிறது. அவனைத் தேடி ஆணுடையில் வரும் ஞானாம்பாளின் கழுத்தில் பட்டத்து யானை மாலையிட, அவள் அந்நாட்டுக்கு அரசனாகிறாள். நான் அரசனானதில் உனக்குச் சந்தோஷமா என்று அவள் வாதியைக் கேட்கிறாள். சந்தோஷமில்லை என்று அரசனிடம் யார் சொல்லத் துணிவார்? அந்த ஒரு சொல்லோடு வழக்கு முடிகிறது. யானையும் மாலையும் பழங்கதைச் சரக்கு. வழக்கும் நாடோடிக் கதை வகையைச் சேர்ந்ததே. ஆனால் அக்கேள்வியைக் கேட்கும் பெண் பழங்கதைக்குரியவள் அல்லள். பெண்ணுக்கு அறிவுண்டு என்று நூறு பாட்டால் நிறுவ முயன்றதை, அவள் ஒரு கேள்வியால் நடத்திக் காட்டிவிடுகிறாள்.

இதே ஞானாம்பாள் நெடுஞ்சொற்பொழிவு ஆற்றும்போது பக்கங்கள் கனக்கின்றன. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழறிந்த நீதிபதி முன் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் கேலிக்கூத்தை நூல் கடுமையாகச் சாடுகிறது. அந்தச் சீற்றம் நேர்மையானது. 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கியவருக்கு அப்படிச் சீறும் உரிமையும் உண்டு. ஆனால் அப்பகுதியில் பேசுவது ஞானாம்பாள் அன்று, மாயூரம் முன்சீப்பு. பாத்திரம் வாயசைக்கிறது, குரல் ஆசிரியருடையது. கருத்து எவ்வளவு உயர்ந்ததாயினும், அவ்விடத்தில் அவள் நம் கண்ணிலிருந்து மறைந்துபோகிறாள்.

ஊதாரி மைந்தன் உவமையை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மூத்தவன் வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கிறான். தந்தை வந்து அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா நற்செய்தி சொல்லவில்லை. அவன் தவறு இன்னதென்று ஆண்டவர் தனியே விரித்துரைக்கவுமில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான்.

வீரேசலிங்கமும் சீர்திருத்தக்காரரே. கோல்ட்ஸ்மித்தின் வேக்பீல்டு பாதிரியார் கதையைத் தழுவி, கோதாவரிக் கரையில் தவளேசுவரத்துக் குடும்பம் ஒன்றன் வீழ்ச்சியையும் மீட்சியையும் எழுதினார். மூடநம்பிக்கையால் செல்வம் கரையும் அந்த வீடு, எலும்பாக இருந்த ஆங்கிலக் கதைக்குத் தெலுங்குத் தசையைப் பூட்டியது. வேதநாயகரோ அப்படி ஒரு குறிப்பிட்ட நூலைத் தழுவவில்லை. அதனால் அவர் கதை கட்டுக்கோப்பில் தளர்ந்தது. துணுக்குக் கதைகள் இடையிடையே வந்து வழிமறிக்கின்றன. ஆயினும் ஞானாம்பாளுக்கு நிகரான புத்துயிர் அந்தத் தெலுங்கு நூலில் எனக்குத் தென்படவில்லை. வடக்கெல்லைக்கு அப்பாலுள்ள நண்பர்கள் மறுக்கலாம்.

கிறிஸ்தவரான வேதநாயகர் தம் நாயகனையும் நாயகியையும் கிறிஸ்தவராக்கவில்லை. கதை முடிவில் மனம் மாற்றவுமில்லை. தேவமாதா அந்தாதி பாடிய பக்தர் அவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைத் தந்தவரும் அவரே. தாம் நாள்தோறும் பழகிய அண்டை வீட்டாரை அவரவர் இயல்பிலேயே நடமாட விட்டார். பாத்திரத்துக்கு ஆசிரியன் செய்யும் முதல் மரியாதை இதுவே எனத் தோன்றுகிறது.

அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். 1893 முதல் விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜமய்யர், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழாசிரியரைப் படைத்தார். அவரால் எந்த நீதியையும் நிறுவ ஆசிரியர் முயலவில்லை. பார்த்து ரசித்திருக்கிறார், அவ்வளவே.

வேதநாயகரின் அடுத்த நாவலான சுகுண சுந்தரி 1887இல் வந்தது. 1889இல் அவர் மறைந்தார். குழந்தை மணத்தைக் கண்டிக்கும் அந்நூலில் நோக்கம் குறையவில்லை. ஞானாம்பாளைப் போன்ற ஒருத்திதான் இல்லை. அவளைப் பற்றியும் அவர் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அரியணையைத் துறந்து, ஆணுடை களைந்து, அவள் மீண்டும் கணவன் வீடு சேர்கிறாள். நேற்றுவரை தீர்ப்பு வழங்கியவள், மறுநாள் விடியலில் மாமியார் வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தபோது அவள் மனத்தில் என்ன ஓடியிருக்கும்? அந்தக் காலைப்பொழுதை வேதநாயகர் எழுதவில்லை.