விலை ஒரு பைசா

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை வெளிவந்தது. நடத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். பேரு 'ஒரு பைசாத் தமிழன்'. விலையே பேரானது. கூலிக்காரன் கைக்கும் எட்டணும், அதுதான் கணக்கு. அடுத்த வருசம் பேரு 'தமிழன்' என்று சுருங்கியது. 1914 மே மாதம் பண்டிதர் சாகும்வரை பத்திரிகையைக் கைவிடவில்லை.

பாடநூலையும் பழைய நூலையும் இணையத்தில் எல்லாருக்கும் சும்மா கொடுக்கணும் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். ஏதோ கம்ப்யூட்டர்க்காரர்கள் கண்டுபிடித்த புதுச் சரக்கு மாதிரி. இல்லை தோழர்களே, அது நம்ம சரக்கு. துரை வீட்டில் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லீஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று அயோத்திதாசரே எழுதியிருக்கிறார். படிக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்டவர்கள் வீட்டில் ஓலை இருந்தது. அதைப் பூட்டி வைக்காமல் ஊருக்குக் கொடுத்தார்கள். பூட்டி வைத்தவர்கள் யார் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

பண்டிதர் போன பிறகு 'தமிழன்' என்ன ஆனது? தமிழறிஞர்களும் பல்கலைக்கழகங்களும் அதைத் தேடவில்லை. கோலார் தங்கவயல் மாரிகுப்பத்தில் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளைச் சிறு நூல்களாகப் போட்டது. பூமிக்கு அடியில் தங்கம் வெட்டிய மக்களின் ஊர் அது. இங்கே அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் காத்து வைத்தார்கள். 1999-ல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளும் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. இடையில் 85 வருசம்! அந்த 85 வருசத்தில் தமிழ் படித்தவர்களில் பலருக்கு அவர் எழுத்து எளிதில் கைக்கு எட்டவில்லை. நான் எம்.ஏ. தமிழ் சேர்ந்தபோது புத்தகம் வந்து பல வருசம் ஆகியிருந்தது. இரண்டு வருசத்தில் ஒரு வகுப்பிலும் அவர் பேரைக் கேட்கவில்லை. அச்சில் வந்தால் மட்டும் போதாது, கைக்கு வரணும்.

அம்பேத்கர் கதையும் இதேதான். லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டல் தன் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. உரையைப் பார்த்ததும் மாநாட்டையே கைவிட்டது. மேடை மறுக்கப்பட்ட உரையை அவர் சொந்தக் காசில் அச்சடித்தார். விலை எட்டணா. 1,500 பிரதிகள், இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. 'ஹரிஜன்' பத்திரிகையில் காந்தி, விலையை இரண்டணாவாக, இல்லை நாலணாவாகவாவது குறைக்கலாம் என்று எழுதினார். கருத்தை ஏற்காதவருக்கும் விலை உறுத்தியிருக்கிறது! தமிழில் அதைக் கொண்டுவந்தது பெரியாரின் 'குடிஅரசு'. அம்பேத்கர் இறந்தது 1956-ல். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருசம் வரைதான் பதிப்புரிமை. ஆக, அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2017 முதல் பொதுச்சொத்து. யாரும் அச்சடிக்கலாம், இணையத்தில் ஏற்றலாம், பெயர்க்கலாம். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இணையத்தில் ஏற்றுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரே இடத்தில் இருப்பதை அழித்துவிடலாம். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத சுவடிகளும் அதோடு போயின. பல இடத்தில் பிரதி இருந்தால் எந்தத் தீயும் முழுசாய்த் தின்ன முடியாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இதைத்தான் செய்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரமும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் சம்பளம் வாங்காமல் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து போட்டார்கள். ஈழத்து எழுத்துகளுக்காக 2005-ல் 'நூலகம்' வந்தது.

ஆனால் 'இலவசமாய்க் கிடைக்குதே, படிச்சுக்க வேண்டியதுதானே' என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கணும். நம்ம பக்கத்துப் பிள்ளைதான் அனிதா. அரியலூர் மாவட்டம் குழுமூர், மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. நீட்டில் 720-க்கு 86. வழக்கில் உச்சநீதிமன்றம் வரை போனாள். 2017 செப்டம்பர் 1 அன்று தன் உயிரை முடித்துக்கொண்டாள். நீட்டுக்கு அடிப்படையான என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் அப்போதே இணையத்தில் இலவசமாகத்தான் இருந்தன. என்ன மொழியில்? இங்கிலீஷ், இந்தி, உருது. தமிழில் படித்த பிள்ளைக்கு அந்த இலவசம் எதுக்கு ஆகும்? ஊரு எழுதிய பாடம் ஒண்ணு, தேர்வு வைத்த பாடம் இன்னொண்ணு. நடுவில் இருந்த பள்ளத்தைக் காசு கொடுத்து கோச்சிங் போனவன் தாண்டினான்.

2020-ல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடம் மூடினபோதும் இதைத்தான் பார்த்தோம். பாடம் போனில் வந்தது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பன் வேலைக்குப் போகையில் கூடவே போயிடும். பாடாலூர், செட்டிகுளம் பக்கம் வெங்காயம் ஆயப் போற வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் சும்மா கிடைச்சாலும் டேட்டா சும்மா கிடைக்கலை.

அதனால்தான் சொல்கிறேன். விலையை எடுத்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது. நம்ம மொழியில் இருக்கணும், காலனிக்குள்ளே வரணும். நம்மிடம் இருக்கிற பழைய இதழ், துண்டறிக்கை, மாநாட்டு மலர், வழக்குத் தீர்ப்பு எல்லாவற்றையும் படமெடுத்து ஏற்றுவோம். உயிரோடு இருக்கிற எழுத்தாளரிடம் கேட்டுவிட்டு ஏற்றுவோம், அவர் உழைப்புக்கும் கூலி உண்டு. ஏற்றியதில் தேவையானதை அச்செடுத்து இரவுப் பள்ளியில் வைப்போம். படிக்கத் தெரியாத ஆத்தாளுக்கு ஒருத்தர் உரக்கப் படித்துக் காட்டட்டும். பண்டிதர் ஒரு பைசா வாங்கினார். நாம் அதையும் வாங்க வேண்டாம்.