சுவருக்கும் மூச்சு முட்டும்!

வீட்டில் பழைய சுவர் ஏதாவது இருந்தால், விரல்களை மடக்கி, கதவைத் தட்டுகிற மாதிரி நாலைந்து இடங்களில் தட்டிப் பாருங்கள். ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் கவலையில்லை. ‘பொத் பொத்’ என்று கேட்டால், அந்த இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துபோய், சும்மா பழக்கதோஷத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொத்தனார்கள் இதைப் ‘பொக்கு’ என்பார்கள்.

பொக்கு விழுந்தால் என்ன செய்வோம்? தெரிந்த ஆளைக் கூப்பிடுவோம். அவர் ஒரு சட்டி சிமென்ட் கலவையைக் குழைத்து, ஓட்டையில் அப்பி, தேய்த்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்காலம் வரும். ஒட்டுப் போட்ட இடம் கல்லு மாதிரி அப்படியே இருக்கும். ஆனால், அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் புதிதாக உதிர ஆரம்பிக்கும். அங்கேயும் சிமென்ட். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கடைசியில், “வீடு ரொம்பப் பழசாயிடுச்சு சார். இடிச்சுட்டு ஃப்ளாட் போட்டுடுங்க” என்று யாராவது சொல்வார்கள். இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எத்தனை நல்ல வீடுகளைத் தரைமட்டமாக்கியிருக்கிறதோ!

இதில் வீட்டின் மீதும் தப்பில்லை. கொத்தனார் மீதும் தப்பில்லை. இது இரண்டு பொருட்களுக்கு நடுவே நடக்கிற சண்டை. ஒன்று சுண்ணாம்பு, இன்னொன்று சிமென்ட். ஒன்றுக்கு வயது பல ஆயிரம். இன்னொன்றுக்கு இருநூறு சொச்சம்.

மூத்தவரிலிருந்து ஆரம்பிப்போம்.

சுண்ணாம்புக்கல்லையோ, கடற்கரைக் கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு சுமார் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்தால், அதிலிருக்கும் கரியமில வாயு வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது கற்சுண்ணாம்பு. இதில் தண்ணீர் பட்டால் போச்சு... தளதளவென்று கொதித்து, வெடித்து, நீறி, வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சமாசாரம்தான். இதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து, மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறிவிடும்! கல்லில் கிளம்பி, கல்லுக்கே திரும்புகிற பயணம்.

இதை மனிதன் எப்போது கண்டுபிடித்தான்? ஜோர்டான் நாட்டில் ஐன் கஸல் என்ற இடத்தில் 1983-ல் தோண்டியபோது, சுண்ணாம்புச் சாந்தில் செய்த மனித உருவங்கள் கிடைத்தன. வயது சுமார் 9,000 ஆண்டுகள். அந்த ஊர்க்காரர்களுக்கு அப்போது மண்பானை சுடக்கூடத் தெரியாது. ஆனால், சுண்ணாம்பு சுடத் தெரிந்திருக்கிறது!

சரி, அவ்வளவு தூரம் போவானேன்... நம்ம மதராஸுக்கே வருவோம். உலகத்தின் மிகச் சிறந்த சுவர்ப்பூச்சு எது என்று 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களிடம் கேட்டிருந்தால், பலர் ‘மெட்ராஸ் சுணம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம்முடைய ‘சுண்ணம்’தான் அவர்கள் வாயில் அப்படி ஆகி, இங்கிலீஷ் அகராதியிலும் உட்கார்ந்துகொண்டது.

வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் 1780-ல் கப்பலில் வந்து மதராஸைப் பார்த்தார். வெயிலில் பளபளத்த வெள்ளைத் தூண்களைப் பார்த்து, அலெக்ஸாண்டர் காலத்து கிரேக்க நகரம் ஒன்று நினைவுக்கு வருகிறது என்கிற மாதிரி, 1793-ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார். அவர் சலவைக்கல் என்று மயங்கிய அந்தத் தூண்கள் வெறும் செங்கல். மேலே பூசியிருந்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு.

இதன் செய்முறை லண்டன் வரைக்கும் போயிருக்கிறது. செயின்ட் ஹெலெனா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக், மதராஸில் சிறந்த சாந்து தயாரிப்பது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதி அனுப்ப, லண்டன் ராயல் சொசைட்டி 1730-களின் தொடக்கத்தில் அதைத் தன் ஆய்விதழில் அச்சிட்டது. ஐசக் நியூட்டன் தலைவராக இருந்த அதே சொசைட்டி! குறிப்பில் என்ன இருக்கிறது என்கிறீர்கள்? வெல்லம், கடுக்காய், பயறு ஊறிய தண்ணீர்... மெருகுப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். சமையல் குறிப்பு மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை இருந்தது. வெல்லம், கலவையைக் குறைந்த தண்ணீரிலேயே குழைய வைக்கும். முட்டையும் நெய்யும் மேல் பூச்சை வழவழப்பாக்கி, மழைத்தண்ணீரைத் தள்ளிவிடும்.

பூசுவதோடு வேலை முடியாது. முதல் பூச்சு, அதற்கு மேல் நைஸாக ஒரு பூச்சு, அதற்கும் மேல் அம்மியில் அரைத்த சந்தனம் மாதிரி மூன்றாவது பூச்சு. பிறகு வழவழப்பான கல்லை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கச் சுவர் வியர்க்கும். அந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். கைவலி என்றால் என்னவென்று அந்தக் காலத்துப் பூச்சு வேலைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னால் இருப்பதும் இதே வித்தைதான்.

இப்போது இளையவர். 1824-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின், ‘போர்ட்லாண்ட் சிமென்ட்’ என்று ஒரு பொடிக்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் வந்தவர்கள் அதை மேம்படுத்த, அது உலகத்தையே வளைத்துக்கொண்டது. இந்தியாவில் ஆரம்ப காலத்திலேயே சிமென்ட் தயாரித்துப் பார்த்த இடங்களில் ஒன்று எது தெரியுமா? சாட்சாத் நம்ம வண்ணாரப்பேட்டை! 1904-ல். அதுவும் கிளிஞ்சலை வைத்து! அந்த முயற்சி தேறவில்லை. 1914-ல் போர்பந்தரில் தேறியது. 1927-ல் ‘கான்க்ரீட் அசோசியேஷன் ஆஃப் இந்தியா’ என்று ஒன்றைத் தொடங்கி, சிமென்ட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். 1936-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. ஆயின.

சிமென்ட்டைத் திட்டுவது என் நோக்கமில்லை. செக்கில் காரை அரைத்து, வாரக்கணக்கில் புளிக்கவைத்துக் காத்திருந்தவர்களுக்கு, மூட்டையைப் பிரித்ததும் வேலை, மறுநாளே கெட்டி என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அது இல்லாமல் அணை ஏது, மேம்பாலம் ஏது? கோளாறு எங்கே வந்தது என்றால், புதுச் சுவருக்கு ஏற்ற அதே மூட்டையைத் தாத்தா கட்டிய சுவரில் ஒட்டுப்போடவும் பிரித்தோமே, அங்கேதான்.

பழைய நாட்டுச் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். உறிஞ்சிய ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். அதாவது, சுவர் மூச்சு விடும். அந்த இடத்தில் கெட்டியான சிமென்ட்டை அப்பினால்? ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது சிமென்ட் ஒட்டின் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் இருக்கிற சுண்ணாம்பு வழியாக வெளியேறுகிறது. கூடவே சுமந்து வந்த உப்பு அங்கே படிகமாகப் பூத்து, பூச்சை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. ஒட்டைச் சுற்றி வட்டமாக உதிர்கிற மர்மம் இதுதான். போதாக்குறைக்கு மேலே பளபள பிளாஸ்டிக் பெயின்ட் வேறு!

ஒட்டு, சுவரைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. கொஞ்சம் மென்மையாக இருந்து, சேதத்தைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 2012 ஜனவரியில் சேப்பாக்கத்தின் கலச மஹால் தீயில் கருகியபோது, நவாப் காலத்து அந்தக் கட்டடத்தை இடிக்காமல், பொதுப்பணித்துறை மறுபடி சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று தேடிப் போனது இதற்காகத்தான்.

நவாப் மாளிகைக்கு அரசாங்கம் இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்கு? நாமேதான்! ஒரு காலத்தில் இதில் ஆச்சரியமே இல்லை. பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பைக் கரைத்து, கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையால் வீட்டு ஆட்களே அடிப்பார்களே... வருஷா வருஷம் அந்த வெள்ளை, மயிரிழை விரிசல்களில் இறங்கி அடைத்துக்கொண்டே வந்தது. சுண்ணாம்புக்குத் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிற குணமும் உண்டு. ரோமானியர்களின் காங்கிரீட்டில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற சுண்ணாம்புக் கட்டிகள், தண்ணீர் பட்டதும் கரைந்து விரிசலை மூடுகின்றன என்று 2023-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆப்பிரிக்காவில், மாலி நாட்டின் ஜென்னே ஊரில் 1907-ல் கட்டிய பிரம்மாண்டமான மண் மசூதிக்கு, இன்றும் ஊரே திரண்டுதான் வருஷாந்திரப் பூச்சு பூசுகிறது. சின்னப் பையன்கள் மண்ணை மிதித்துக் குழைக்க, மூத்த கொத்தனார்கள் மேற்பார்வை. பள்ளிக்கூடமே அதுதான்!

சரி, சட்டையை மடித்துக்கொள்ளுங்கள். முதல் வேலை பூசுவது அல்ல, துப்பறிவது. ஈரம் எங்கிருந்து வருகிறது? பாத்ரூம் குழாயா, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயா, வெளிப்பக்கம் சுவரில் குவித்திருக்கிற மண்ணா? அதைச் சரிசெய்து சுவர் காயும்வரை கரணையைத் தொடவே வேண்டாம்.

அடுத்து, சுவர் என்ன ஜாதி? உதிர்ந்த சில்லை எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறம், ஆணியால் கீறினால் லேசாகத்தான் கோடு விழுகிறது என்றால் சிமென்ட். அதற்கு சிமென்ட்டே போதும். உள்சுவர் என்றால் 1 பங்குக்கு 6 பங்கு மணல், ஒரு வாரம் தண்ணீர் தெளித்தல். வெளுப்பாக, நடுவே வெள்ளைக் கட்டிகளோ கிளிஞ்சல் துணுக்குகளோ தெரிந்து, கீறினால் மாவாக உதிர்கிறதா? சுண்ணாம்பு. அதற்குச் சுண்ணாம்புதான்.

கற்சுண்ணாம்பை வீட்டில் நீற்ற ஆசைப்படாதீர்கள். கொதித்துத் தெறித்தால் கண் போய்விடும். நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்கி, பக்கெட்டில் தண்ணீருக்கு அடியில் மூடி வையுங்கள். கெடாது, நாளாக நாளாக ருசி கூடும். மூன்று வருஷம் ஊறாத சுண்ணாம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய ரோமானியச் சட்டம் இருந்ததாக பிளினி எழுதியிருக்கிறார். நமக்கு ஒன்றிரண்டு மாசம் போதும். வேலையின்போது கையுறை, கண்ணாடி கட்டாயம்.

பொக்கு உள்ள இடத்தைத் தட்டித் தட்டி சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் என்றால் மெயினை அணைத்துவிட்டு, சின்ன உளி, சுத்தியலால் கொத்தி எடுங்கள். ஓட்டை, நினைத்ததைவிட இரண்டு மடங்காகும். பதறாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். செங்கல் இடுக்கில் உதிர்கிற சாந்தைச் சுரண்டி, உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு தண்ணீர் தெளியுங்கள். காய்ந்த செங்கல், கலவையின் ஈரத்தை ஒரே மடக்கில் குடித்துவிடும்.

கலவைக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல். தண்ணீர் ஊற்றுவதைவிட அடித்துப் பிசைவதுதான் முக்கியம். தோசை மாவு அல்ல; சப்பாத்தி மாவு பதம். “சீக்கிரம் பிடிக்கட்டுமே” என்று ஒரு கை சிமென்ட் போடச் சொல்வார்கள். காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்!

முதல் தடவையில் 1 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் அழுத்திப் பூசி, ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழியுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குச் சில நாட்களில் இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு. இறுக ஆரம்பிக்கும்போது மணியாஸ் கட்டையால் வட்டமாகத் தேய்த்தால் சின்ன விரிசல்கள் மூடிக்கொள்ளும். மேலே ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, வெயிலும் ஃபேன் காற்றும் நேரே படாமல் ஒரு வாரம் காப்பாற்றுங்கள். முதல் முயற்சியை ஹாலில் செய்யாதீர்கள். பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்குமே, அங்கே ஆரம்பியுங்கள்.

ஒன்றே ஒன்று. காங்கிரீட் கூரை உப்பி, துருப்பிடித்த கம்பி தெரிந்தாலோ, சுவரில் விரல் நுழைகிற அளவு சாய்வான விரிசல் விழுந்தாலோ, அது பூச்சு சமாசாரமே அல்ல. உடனே இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பூசி முடித்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். குறைந்தது ஒரு மாசம் போகட்டும். அதன் பிறகும் பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம். நீர்க்கக் கரைத்த சுண்ணாம்பை மூன்று தடவை அடியுங்கள். அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. சாயம் போன வேட்டி மாதிரி இருக்கும். காய்ந்தால்தான் வெளுக்கும்.