பெயரும் பொருளும்: ஈஸ்ட் மரபணுத் தரவுத்தளத்தின் பெயரீட்டு வரலாறு

1. முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அகராதிகளையும் குழுக்கள் வெளியிட்ட சொற்பட்டியல்களையுமே சான்றாகக் கொள்கின்றன. அறிவியலாளர் தம் ஆய்வுக் களத்திலேயே பெயர்களைப் படைத்து, அவை பற்றி முரண்பட்டு, பின்னர் ஒருவாறு உடன்பட்ட வரலாறுகளும் மொழியியலார்க்குப் பயன்படுவனவே. ஈஸ்ட் மரபணுக்களின் பெயரீட்டு வரலாறு அவற்றுள் ஒன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1990களின் முற்பகுதியில் டேவிட் பாட்ஸ்டைன், மைக்கேல் செர்ரி ஆகியோரின் முயற்சியில் உருவான சாக்கரோமைசிஸ் மரபணுத்தொகுதித் தரவுத்தளம் இவ்வரலாற்றின் நடுவிடமாக விளங்குகிறது. அத்தளம் அவ்வப்போது வெளியிடும் செய்திகளிலும் புதுப்பிப்புகளிலும் கணிசமான பகுதி பெயர்களைப் பற்றியது. எப்பெயர் ஏற்கப்பட்டது, எது மாற்றப்பட்டது, எது ஐயத்திற்குரியதாயிற்று என்பனவே அச்செய்திகள்.

தரப்படுத்தம் என்பது ஒரு சொல்லை நிலைநிறுத்திப் பிற சொற்களை ஒழிப்பது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஈஸ்ட் தரவுத்தளத்தின் பட்டறிவு வேறொரு வழியைக் காட்டுகிறது. அவ்வழி யாது என்பதையும், மொழிபெயர்ப்பாளர்க்கு அது எவ்வாறு பயன்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. உயிரியின் பெயர்

ரொட்டி, பீர், ஒயின் ஆகியவற்றின் ஆக்கத்தில் பயன்படும் ஈஸ்டின் அறிவியற் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்பதாகும். இப்பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. நொதித்தலைச் செய்வது ஓர் உயிரி என்று 1837இல் காட்டிய தியோடர் ஷ்வான் அதனை ஜெர்மன் மொழியில் 'சர்க்கரைப் பூஞ்சை' என்னும் பொருள்படக் குறித்தார். அவர் காலத்தவரான மையன் அதனையே கிரேக்கச் சொற்களைக் கொண்டு இலத்தீன் வடிவில் ஆக்கினார். 'செரிவிசியே' என்பது 'பீருக்குரிய' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். முதற்பகுதியிலுள்ள கிரேக்கச் சொல் இந்திய மொழிகளிலிருந்து சென்றது. தமிழில் வழங்கும் 'சர்க்கரை'யும் அதுவும் ஒரே மூலத்தின.

தமிழில் இவ்வுயிரிக்கு ஒரே பெயர் இல்லை. தமிழகப் பாடநூல்கள் 'ஈஸ்ட்' என்றே வழங்க, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மதுவம்' என்கின்றன. தமிழகத்தின் 'மரபணு' இலங்கையில் 'பரம்பரையலகு'; தமிழகத்தின் 'நொதி' அங்கு 'நொதியம்'. பொருள் ஒன்று, பெயர் பல என்னும் இந்நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஒரே ஆங்கிலத்தில் எழுதிய ஈஸ்ட் ஆய்வாளர்களிடையே இது இன்னும் கடுமையாக இருந்தது.

3. ஒருபொருட் பன்மொழி

ஈஸ்ட் மரபணுவின் பெயர் மூன்று எழுத்துகளும் ஓர் எண்ணும் கொண்டது. மூன்றெழுத்து பெரும்பாலும் ஓர் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். ஓங்குபண்புடைய வடிவம் பெரிய எழுத்திலும், ஒடுங்குபண்புடைய திரிபு சிறிய எழுத்திலும் எழுதப்பெறும். தமிழ் இலக்கண மரபின்படி நோக்கின் இவை காரணப்பெயர்கள். எனினும் காரணம் பெரும்பாலும் மரபணுவின் தொழில் அன்று. அது பழுதுற்றபோது உயிரணுவில் தோன்றிய குறையே. சுரப்புப் பணி தடைப்பட்ட திரிபுகளை ஆராய்ந்த ராண்டி ஷெக்மனின் குழு 'செக்' என்னும் வரிசைப் பெயரை இட்டது இவ்வாறே. அவ்வாய்வுக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தது.

காரணம் பார்ப்பவரைப் பொறுத்து மாறும். ஆகவே பெயரும் மாறும். இதற்குச் சிறந்த சான்று இன்று எக்ஸ்.ஆர்.என். 1 எனப்படும் மரபணு. இனக்கலப்பில் உட்கருக்கள் இணைவதை ஆராய்ந்தோர், அவ்விணைவின் குறையை மிகுவிக்கும் திரிபாக இதனைக் கண்டு கே.இ.எம். 1 என்றனர். டி.என்.ஏ. இழைகள் இடம் மாறுவதை ஆராய்ந்தோருள் ஒரு சாரார் எஸ்.இ.பி. 1 என்றும், மற்றொரு சாரார் டி.எஸ்.டி. 2 என்றும் பெயரிட்டனர். டி.என்.ஏ. தன்னியல்பாக இரட்டிப்பதை ஆராய்ந்தோர்க்கு இது ஆர்.ஏ.ஆர். 5 ஆயிற்று. பிற ஈஸ்டுகளைக் கொல்லும் நஞ்சைச் சுரக்கும் வகைகளில் அந்நஞ்சின் வன்மை பெருகிய திரிபைக் கண்டோர் எஸ்.கே.ஐ. 1 என்றனர். ஆர்.என்.ஏ.யை முனையிலிருந்து சிதைக்கும் நொதியாக அறிந்தோர் இட்ட பெயரே எக்ஸ்.ஆர்.என். 1. ஆறு பெயர்கள், ஐந்து காரணங்கள், ஒரே மரபணு. ஒவ்வொரு பெயரின் கீழும் தனித்தனிக் கட்டுரைகள் வெளிவந்தன. ஒரு பெயரை மட்டும் அறிந்தவர்க்கு ஏனைய ஐந்து வழியாகக் கிடைத்த அறிவு கிட்டாமற்போகும்.

4. ஒருசொற் பல்பொருள்

இதன் மறுதலையும் நிகழ்ந்தது. உயிரணுப் பிரிவின் சுழற்சியை அரும்பு ஈஸ்டில் ஆராய்ந்த லேலண்ட் ஹார்ட்வெல், அச்சுழற்சி தடைப்படும் திரிபுகளுக்கு சி.டி.சி. என்னும் பெயரை எண்வரிசையுடன் இட்டார். பிளவு ஈஸ்ட் எனப்படும் வேறோர் இனத்தில் இதே பொருளை ஆராய்ந்த பால் நர்ஸும் அதே மூன்றெழுத்தைக் கையாண்டார். எண்கள் மட்டும் ஒத்துவரவில்லை. நர்ஸின் சி.டி.சி. 2, ஹார்ட்வெல்லின் சி.டி.சி. 28க்கு இணையானது. அரும்பு ஈஸ்டில் சி.டி.சி. 2 என்பதோ டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் முற்றிலும் வேறான நொதிக்குரிய மரபணு. அது இன்று பி.ஓ.எல். 3 எனப்படுகிறது. பிளவு ஈஸ்டின் சி.டி.சி. 2க்கு இணையான மனித மரபணுவை 1987இல் நர்ஸின் ஆய்வகம் கண்டறிந்தபோது அதற்கும் சி.டி.சி. 2 என்னும் பெயரே வழங்கியது. இன்று அதன் பெயர் சி.டி.கே. 1.

ஹார்ட்வெல், நர்ஸ் இருவரும் டிம் ஹன்ட்டுடன் 2001இல் நோபல் பரிசு பெற்றனர். அவர்களது பழைய கட்டுரைகளை இன்று மொழிபெயர்ப்பவர் 'சி.டி.சி. 2' என்னும் வடிவைக் கண்டவுடன் எந்த உயிரி, எந்த ஆண்டு என்று வினவியே பொருள் கொள்ளவேண்டும். எழுத்து மாறாமல் பெயர்த்தும் பொருள் பிழைபடக்கூடும்.

5. இடத்தால் பெறும் பெயர்

1996 ஏப்ரலில் ஈஸ்டின் முழு மரபணுத்தொகுதியும் வரிசைப்படுத்தப்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. உட்கருவுடைய உயிரிகளுள் முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் உயிரி இதுவே. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான் ஆகியவற்றைச் சேர்ந்த ஏறத்தாழ 600 அறிவியலாளர் இப்பணியில் ஈடுபட்டனர். 16 குரோமோசோம்களில் சுமார் 1 கோடியே 20 லட்சம் எழுத்துகள் இருந்தன. புரதத்தைக் குறிக்கக்கூடிய 5885 பகுதிகள் அப்போது கணக்கிடப்பட்டன. அவற்றுள் மிகப் பலவற்றின் தொழில் அறியப்படவில்லை. தொழிலறியாப் பொருளுக்குக் காரணப்பெயர் இடுவது எங்ஙனம்?

இதற்கு விடையாக முறைசார் பெயர் வழங்கலாயிற்று. மேற்கண்ட எக்ஸ்.ஆர்.என். 1இன் முறைசார் பெயர் ஒய்.ஜி.எல். 173 சி என்பதாகும். 'ஒய்' ஈஸ்டைக் குறிக்கும். 'ஜி' ஆங்கில நெடுங்கணக்கின் ஏழாம் எழுத்தாதலின் ஏழாம் குரோமோசோமைக் குறிக்கும். 'எல்' இடக்கை. 173 என்பது குரோமோசோமின் நடுமுடிச்சிலிருந்து எண்ணிவரும் வரிசை. இறுதி 'சி' எதிரிழை. அதற்கு எதிரான இழையாயின் 'டபிள்யூ' வரும். இவ்விரண்டும் கிரிக், வாட்சன் என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துகள். பெயர்ச்சொல் பிறக்கும் நிலைக்களன்களாக நன்னூலார் கூறும் ஆறனுள் இது இடம் பற்றியது. யார் எதனை ஆராயினும் இடம் மாறாது. ஆதலின் இப்பெயரும் மாறுவதில்லை.

பின்னர்க் கண்டறியப்பட்டவற்றிற்காகவும் இம்முறை குலைக்கப்படவில்லை. 111, 112 என்னும் இரண்டிற்கும் இடையே புதியதொன்று தென்பட்டால் எண்கள் மாற்றப்படுவதில்லை. முந்திய எண்ணுடன் 'ஏ' சேர்க்கப்படுகிறது. எஸ்.யூ.எஸ். 1 என்னும் சிறு மரபணு ஒய்.பி.ஆர். 111 டபிள்யூ-ஏ எனப் பெயர் பெற்றது இவ்வாறே. வீடுகள் பெருகிய தெருவில் பழைய கதவிலக்கங்களை மாற்றாமல் '12 ஏ' என்று இடுவதற்கு இஃது ஒப்பானது.

6. பெயர்ப் பதிவேடு

முறைசார் பெயர் கணிப்பொறிக்கு ஏற்றது. பேச்சிற்கும் நினைவிற்கும் காரணப்பெயரே எளிது. எனவே தரவுத்தளம் இரண்டையும் பேணியது. புதுப் பெயர் இடவிரும்பும் ஆய்வாளர் அதனைத் தளத்தில் முன்பதிவு செய்வார். அப்பெயர் அவ்வுயிரியின் வேறு மரபணுவிற்கு வழங்கியிருத்தலாகாது. ஆய்வு வெளியான பின்னரே அது தரப்பெயராகும். பொதுவாக முதலில் அச்சேறிய பெயருக்கே முன்னுரிமை. தரப்பெயரை மாற்ற வேண்டுமாயின் அம்மரபணுவை ஆராய்வோரின் கருத்து கேட்கப்படும். மாற்றிய பின்னரும் பழைய பெயர்கள் மாற்றுப்பெயர்களாகப் பக்கத்திலேயே நிற்கும். எதனைத் தேடினும் ஒரே பக்கம் கிடைக்கும்.

இவ்வுடன்பாட்டிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தன்னுண்ணல் மரபணுக்கள். உயிரணு தன் உறுப்புகளையே சிதைத்துப் பயன்கொள்ளும் இச்செயலை ஜப்பானில் யோஷினோரி ஓசுமியின் குழு ஏ.பி.ஜி. என்னும் பெயர்வரிசையாலும், ஜெர்மானியக் குழு ஏ.யூ.டி. என்பதாலும், அமெரிக்கக் குழு சி.வி.டி. என்பதாலும் குறித்து வந்தன. ஏ.பி.ஜி. 1, ஏ.யூ.டி. 3, சி.வி.டி. 10 மூன்றும் ஒன்றே. 2003இல் இக்குழுவினர் கூடி வெளியிட்ட அறிக்கையின்படி அனைத்திற்கும் ஏ.டி.ஜி. என்னும் பொதுப்பெயர் ஏற்பட்டது. மேற்கண்ட மூன்றும் ஏ.டி.ஜி. 1 ஆயின. எந்தக் குழுவும் தன் பெயரே நிற்கவேண்டும் என வற்புறுத்தாமல் நான்காவதொன்றை ஏற்றமை கருதத்தக்கது. ஓசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றிற்கு இணையான மனித மரபணுக்கள் பலவும் இன்று இவ்வரிசைப் பெயரால் வழங்குகின்றன.

7. கருத்திற்கு எண்

மரபணுவின் பெயரை ஒழுங்குபடுத்திய பின்னும் அதன் தொழிலைக் கூறும் சொற்கள் எஞ்சின. ஈஸ்ட் ஆய்வாளர்க்கு 'அரும்பு' என்றால் தாயணுவிலிருந்து புடைத்தெழும் சேயணு. தாவரவியலார்க்குப் பூவின் அரும்பு. விலங்கியலார்க்குப் பல்லின் முளை. ஆங்கிலத்தில் மூன்றிற்கும் ஒரே சொல். தமிழில் அரும்பு, மொட்டு, முகை எனப் பல சொற்கள் இருந்தும், மீசையையும் அரும்பு என்னும் வழக்கு உண்டு.

இச்சிக்கலைத் தீர்க்க 1998இல் ஈஸ்ட், பழ ஈ, எலி ஆகிய மூன்று உயிரிகளின் தரவுத்தளங்கள் இணைந்து 'ஜீன் ஆன்டாலஜி' என்னும் வரையறுத்த சொற்றொகுதியைத் தொடங்கின. மூலக்கூற்றுத் தொழில், உயிரியல் நிகழ்வு, உயிரணுப் பகுதி என அது முப்பிரிவுடையது. ஒவ்வொரு கருத்திற்கும் ஓர் ஏழிலக்க எண்ணும் ஒரு வரையறையும் உண்டு. தன்னுண்ணலின் எண் 0006914. எண் வரையறைக்கு உரியது, சொல்லுக்கு அன்று. சொல் மாறினால் எண் மாறாது. வரையறையின் பொருள் மாறினால் புதிய எண் வேண்டும். வழக்கொழிந்த கருத்தும் நீக்கப்படாமல் 'வழக்கிழந்தது' என்னும் குறிப்புடன் நிற்கும்.

ஒவ்வொரு கூற்றிற்கும் சான்றின் தன்மையும் குறிக்கப்படுகிறது. நேரடிச் சோதனையால் அறிந்தது, வரிசையொப்புமையால் உய்த்துணர்ந்தது, ஆசிரியர் கூற்றால் கொண்டது என்னும் பகுப்பு தமிழ் அளவை மரபின் காண்டல், கருதல், உரை என்பனவற்றோடு ஒப்பிடத்தக்கது. மனிதர் சரிபாராமல் கணிப்பொறி வழங்கிய முடிவிற்குத் தனிக்குறி உண்டு.

8. புதுப்பித்தல்

தரவுத்தளத்தின் செய்திகள் முடிவுற்ற அறிவை அறிவிப்பன அல்ல. 2003இல் நெருங்கிய உறவுடைய ஈஸ்ட் இனங்களின் வரிசைகளை ஒப்பிட்டபோது, முன்பு மரபணு எனக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கானவை ஐயத்திற்குரியன எனத் தெரிந்தது. அவை அழிக்கப்படவில்லை. சரிபார்க்கப்பட்டவை, பண்பறியப்படாதவை, ஐயத்திற்குரியவை என மூவகையாகப் பிரித்துக் காட்டப்பெற்றன. 2011இல் மூல வரிசையே மீண்டும் படிக்கப்பெற்றுத் திருத்தங்களுடன் 64ஆம் பதிப்பாக வெளிவந்தது. எந்தப் பதிப்பை ஒட்டி ஒரு கூற்று எழுந்தது என்பது இதனால் தெளிவாயிற்று. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியரின் நெறி இஃதேயாம்.

9. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, பொருளின் அடையாளமும் அதன் பெயரும் வேறு. அடையாளம் நிலைத்திருந்தால் பெயர் மாறுவதால் கேடில்லை. இரண்டு, மாற்றுப்பெயர்கள் பிழைகள் அல்ல. பழைய அறிவுக்குச் செல்லும் வாயில்கள். மூன்று, தரப்பெயர் அதனைக் கையாள்வோரின் உடன்பாட்டால் நிலைபெறுகிறது, ஆணையால் அன்று.

இந்திய மொழிகளின் அறிவியல் கலைச்சொற்களுக்காக 1961இல் மைய அரசின் ஆணையம் அமைந்தது முதல் பல சொற்பட்டியல்கள் வெளிவந்துள்ளன. ஆங்கிலச் சொல்லை இடப்பக்கமும் இந்தியச் சொல்லை வலப்பக்கமும் நிறுத்தும் பட்டியலில் சொல்லே பொருளின் அடையாளமாகிறது. அரும்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றாயின் தமிழும் ஒன்றாகிவிடும். பல்லின் முளையும் பூவின் அரும்பும் அங்குப் பிரிவதில்லை. மாறாக, கருத்திற்கு எண் தந்து, அதன் கீழ் மதுவம், ஈஸ்ட் இரண்டையும் வழங்கும் இடக்குறிப்புடன் பதிந்தால், யாழ்ப்பாணத்து மாணவர் மதுரையில் எழுதப்பட்ட நூலையும், மதுரை மாணவர் யாழ்ப்பாணத்து நூலையும் தடையின்றிப் படிக்க இயலும். பரம்பரையலகைத் தேடுவோர்க்கு மரபணு பற்றிய கட்டுரையும் கிடைக்கும்.

எச்சொல் சிறந்தது என்னும் வழக்கு அதன்பின்னும் தொடரலாம். அவ்வழக்கு முடியும்வரை அறிவு காத்திருக்க வேண்டிய தேவை இராது.