படிக்கல் யார் கையில்? இணையக் காணொளியின் இருபதாண்டு வரலாறு



புதிதாக ஒரு கடையைத் திறந்தாலும், ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினாலும், இன்று நமக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: காணொளி எடுத்து இணையத்தில் பரப்புங்கள், தளத்திற்குக் கூட்டம் வரும், தேடுபொறியிலும் முன்வரிசையில் நிற்பீர்கள். நம் இளைஞர்களில் பலர் இதையே தொழிலாகக் கொள்ளவும் விரும்புகின்றனர். ஆனால் இவ்வறிவுரை எங்கே பிறந்தது, யாருக்குப் பலன் தந்தது, யாருடைய பிழைப்பைப் பறித்தது என்பதை நாம் விசாரிப்பதில்லை. அவ்வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என எண்ணுகிறோம்.

சந்தைக்குச் செல்பவர் பொருளைப் பார்க்குமுன் தராசைப் பார்க்க வேண்டும் என்பார்கள் பெரியோர். இணையச் சந்தைக்கும் இது பொருந்தும். அங்கும் ஒரு தராசு உண்டு. அதன் படிக்கல் பலமுறை மாறியிருக்கிறது. அம்மாற்றங்களின் கதையே இக்கட்டுரை.

இணைப்பே சாட்சியாக இருந்த காலம்

தொடக்ககாலத் தேடுபொறிகள் ஒரு பக்கத்தில் உள்ள சொற்களையே பெரிதும் நம்பின. தேடப்படும் சொல் ஒரு பக்கத்தில் அதிகமாக இருந்தால் அப்பக்கம் முன்னே வந்தது. உடனே சிலர் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி மறைத்து வைத்தனர். வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. இயந்திரத்தின் கண்ணுக்குத் தெரியும்.

இக்குறையைத் தீர்க்க அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவரும் வேறொரு வழியைக் கண்டனர். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் அதனைச் சுட்டிக்காட்டுவதே நம்பத்தக்க சாட்சி என அவர்கள் கருதினர். மதிப்புள்ள தளம் ஒன்று தரும் இணைப்புக்குக் கூடுதல் எடையும் தந்தனர். 1998இல் பிறந்த கூகுள் நிறுவனத்தின் அடிப்படை இதுவே. சாட்சிக்கு மதிப்பு வந்தவுடன் பொய்ச்சாட்சியும் வந்தது. இணைப்புகளை விலைக்கு விற்கும் தளங்கள் பெருகின. படிக்கல் எதுவாயினும் அதைத் தேய்ப்பதற்கு ஆட்கள் உண்டு என்பது இணையம் கற்றுத்தந்த முதற்பாடம்.

காணொளி சுமையாக இருந்தது

அக்காலத்தில் இணையதளத்தில் காணொளி வைப்பது பெருஞ்சுமை. பார்ப்பவரிடம் அதற்குரிய மென்பொருள் இருக்க வேண்டும். அதுவும் தளத்துக்குத் தளம் வேறுபடும். அதைவிடப் பெரிய தொல்லை, பார்ப்பவர் கூடக்கூடத் தளத்தை நடத்துபவருக்குச் செலவும் கூடியது. ஒரு காணொளி பரவிவிட்டால் மாத இறுதியில் வரும் கட்டணத்தைக் கண்டு உரிமையாளர் திகைத்துப்போவார்.

பேபால் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களான சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் ஆகிய மூவர் 2005இல் யூடியூப்பைத் தொடங்கினர். வங்காளதேசத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் முன் நின்று பேசும் 19 விநாடிக் காட்சியே அத்தளத்தின் முதல் காணொளி. 2005 ஏப்ரல் 23 அன்று அது பதிவேற்றப்பட்டது.

யூடியூப் இரண்டு காரியங்களைச் செய்தது. பதிவேற்றும் செலவை அதுவே ஏற்றுக்கொண்டது. அத்துடன், எந்தக் காணொளியையும் யாரும் தம் பக்கத்தில் பொருத்திக்கொள்ளும் வகையில் சிறு குறிமொழித் துண்டு ஒன்றையும் இலவசமாகத் தந்தது. மைஸ்பேஸ் போன்ற தளங்களில் இளைஞர்கள் அதைத் தம் பக்கங்களில் ஒட்டினர். ஒட்டப்பட்ட ஒவ்வொரு காணொளியும் யூடியூப்பின் பெயரைத் தாங்கிய விளம்பரப் பலகையாக நின்று, பார்ப்போரை அத்தளத்திற்கு அழைத்துச் சென்றது. 2006 ஜூலையில் நாளொன்றுக்கு 10 கோடிக் காணொளிகள் தம் தளத்தில் பார்க்கப்படுவதாக யூடியூப் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைத் தந்து கூகுள் அதனை வாங்கியது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பகிர்ந்தவர்கள் தம் பக்கத்திற்கு அழகு சேர்ப்பதாகவே எண்ணினர். அவர்களுடைய பகிர்வால் பெருவளர்ச்சி பெற்றது யூடியூப்தான். காணொளிப் பகிர்வால் தளத்திற்குக் கூட்டம் வரும் என்பதற்கு முதற்பெரும் சான்றும் அதுவே.

முதல் பக்கத்தில் திறந்த வாசல்

2007 மே மாதம் வரை கூகுளில் தேடினால் பெரும்பாலும் எழுத்துப் பக்கங்களின் பட்டியலே வரும். காணொளிக்கும் படத்திற்கும் செய்திக்கும் தனித்தனித் தேடல்கள் இருந்தன. அம்மாதம் அவையனைத்தையும் ஒரே பட்டியலில் கலந்து தரும் முறையைக் கூகுள் அறிமுகப்படுத்தியது. எழுத்து வரிகளுக்கிடையே சிறு படத்துடன் ஒரு காணொளி நின்றால் கண் இயல்பாகவே அங்கே செல்லும்.

விளம்பரத் துறையினர் இதனை விரைவில் புரிந்துகொண்டனர். 2009இல் ஃபாரஸ்டர் என்னும் ஆய்வு நிறுவனம், முதல் பக்கத்தில் இடம்பெறும் வாய்ப்பு எழுத்துப் பக்கத்தைவிடக் காணொளிக்குச் சுமார் 50 மடங்கு அதிகம் எனக் கணக்கிட்டது. காரணம் எளியது: ஒரு சொல்லுக்கு எழுத்துப் பக்கங்கள் இலட்சக்கணக்கில் போட்டியிட்டன, காணொளிகளோ சிலவே இருந்தன. இன்று நாம் கேட்கும் அறிவுரையின் வேர் இங்கேதான் இருக்கிறது. கூட்டம் குறைந்த வாசல் என்பதாலேயே அது எளிதாக இருந்தது. எல்லோரும் அவ்வாசலுக்கு ஓடியபின் அவ்வெளிமை நிலைக்கவில்லை.

பலன் பெற்ற இருவர்

அக்காலத்தில் உண்மையாகவே பலன் பெற்றவர்களுள் இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

முதலாவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மிக்சி செய்யும் பிளெண்ட்டெக் நிறுவனம். அதன் மிக்சி வலிமையானது. ஆனால் பெயரை அறிந்தவர் சிலரே. நிறுவனர் டாம் டிக்சன் மிக்சியின் வலிமையைச் சோதிக்க மரக்கட்டைகளை அரைத்துப் பார்ப்பதை விற்பனைப் பிரிவினர் ஒருவர் கண்டார். 2006இன் இறுதியில் கோலிக்குண்டுகள், தோட்டத்து வாரியின் காம்பு போன்றவற்றை டிக்சன் மிக்சியில் போட்டுத் தூளாக்கும் சிறு காணொளிகள் வெளிவந்தன. 2007இல் ஐபோன் வெளிவந்தபோது அதனையும் அரைத்துக் காட்டினார். உலகமே அக்கருவியைத் தேடிக்கொண்டிருந்த வேளையில், தேடியவர்களின் கண்ணில் இம்மிக்சியும் பட்டது. விற்பனை பன்மடங்கு உயர்ந்தது. விலையுயர்ந்த பொருளை வேடிக்கைக்காகத் தூளாக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அக்காணொளிகள் பொருளின் உண்மையான இயல்பையே காட்டின என்பதை மறுக்க இயலாது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் மனத்திற்கு நெருக்கமானது. வங்காள வம்சாவளியினரான சல்மான் கான் பாஸ்டன் நகரில் நிதித்துறையில் பணியாற்றியவர். 2004இல் வேறு ஊரிலிருந்த உறவுக்காரச் சிறுமி ஒருவருக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கேட்போர் பெருகியதால் 2006 முதல் பாடங்களை யூடியூப்பில் பதிவேற்றினார். கரும்பலகை போன்ற திரை, வண்ணக் கோடுகள், ஆசிரியரின் குரல், அவ்வளவே. அவர் முகம்கூடத் தெரியாது. ஆனால் வீட்டுப்பாடத்தில் திணறிய மாணவன் எந்தச் சொல்லைத் தேடுவானோ அச்சொல்லே பாடத்தின் தலைப்பாக இருந்தது. முன்பின் அறியாத மாணவர்கள் வந்து சேர்ந்தனர். 2009இல் அவர் வேலையை விட்டு முழுநேரமும் இப்பணியில் இறங்கினார். 2010இல் கூகுள் அவருடைய கான் அகாடமிக்கு 20 இலட்சம் டாலர் வழங்கியது. தேடுபொறியைத் துரத்தி அவர் தொடங்கவில்லை. ஒரு பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்கும் நிய்யத்தில் தொடங்கினார். தேடுபொறி அவரைத் தேடி வந்தது.

படிக்கல் மாறுகிறது

யூடியூப்பின் முதல் அளவை, ஒரு காணொளி எத்தனை முறை திறக்கப்பட்டது என்னும் எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு மதிப்பு வந்ததும் இயந்திரங்களைக் கொண்டு அதனைப் பெருக்கும் வியாபாரமும் வந்தது. கள்ளக் கணக்கைச் சரிபார்ப்பதற்காகவே நெடுங்காலம் பல காணொளிகளின் எண்ணிக்கை 301இல் சற்று நின்றுபோகும். 2015இல்தான் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. முகப்புப் படத்தில் ஒன்றைக் காட்டி உள்ளே வேறொன்றை வைக்கும் ஏமாற்றும் பரவியது. ஏமாந்தவர் உடனே வெளியேறினாலும் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும்.

ஆகவே 2012இல் யூடியூப் படிக்கல்லை மாற்றியது. திறந்தவர் எண்ணிக்கையைவிட, பார்த்த நேரத்திற்கு முதன்மை தரப்பட்டது. ஏமாற்றுப் படங்களுக்கு இது ஓர் அடி என்பது உண்மையே. ஆனால் இரண்டு நிமிடத்தில் பயனுள்ள செய்தியைச் சொல்லி முடித்தவர் பின்னே போனார். இருபது நிமிடம் இழுத்தவர் முன்னே வந்தார். 2017 தொடக்கத்தில், உலகம் நாளொன்றுக்கு 100 கோடி மணிநேரம் யூடியூப் பார்ப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. மனிதரை எழவிடாமல் அமர்த்தி வைப்பவை நன்மையானவை மட்டுமல்லவே! வதந்தியும் சதிக்கதையும்கூட அமர்த்தி வைக்கும். 2019 ஜனவரியில், தவறான தகவல் தரும் சில வகைக் காணொளிகளைப் பரிந்துரைப்பதைக் குறைப்பதாக யூடியூப்பே அறிவிக்க நேர்ந்தது.

தவறிய தராசும் பறிபோன வேலையும்

இவ்வரலாற்றின் துயரமான பகுதி ஃபேஸ்புக்கோடு தொடர்புடையது. 2014 முதல் ஃபேஸ்புக் காணொளிகளுக்குப் பெரும் முன்னுரிமை தந்தது. கை படாமலேயே காணொளி தானாக ஓடும். மூன்று விநாடி ஓடினால் ஒருவர் பார்த்ததாகக் கணக்கு. எண்கள் மலைபோல் உயர்ந்தன. அமெரிக்கச் செய்தித் தளங்கள் பல, வருங்காலம் எழுத்துக்கு இல்லை, காணொளிக்கே எனத் துணிந்தன.

2016 செப்டம்பரில் ஓர் உண்மை வெளிவந்தது. மூன்று விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியே சராசரிப் பார்வை நேரத்தைக் கணித்துவந்ததாக ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. இரண்டாண்டுகளாக அச்சராசரி 60 முதல் 80 விழுக்காடு வரை மிகைப்பட்டிருந்தது எனச் செய்திகள் கூறின. அதன் பின்னரும் ஓட்டம் நிற்கவில்லை. 2017இல் எம்டிவி நியூஸ், ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ், மிக் முதலிய நிறுவனங்கள் எழுத்தாளர்களை வேலையிலிருந்து நீக்கிவிட்டுக் காணொளிக்குத் திரும்பின. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் மீண்டும் படிக்கல்லை மாற்றியது: நண்பர், குடும்பத்தாரின் பதிவுகளுக்கே இனி முதலிடம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மிக் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை நீக்கி, வேறொரு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. தவறான கணக்கைக் குறித்து விளம்பரதாரர்கள் தொடுத்த வழக்கில், 2019இல் ஃபேஸ்புக் 4 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது, குற்றத்தை ஏற்கவில்லை.

இவ்வீழ்ச்சிக்கு அத்தவறான கணக்கு மட்டுமே காரணம் என்பது நீதியாகாது. காணொளி விளம்பரத்தில் வருவாய் அதிகம் என்ற ஆசையும் இருந்தது. ஆனால் அளவையில் பிழை நேர்ந்தால் அதன் வலி அளந்தவரிடம் தங்குவதில்லை. அதை நம்பி நின்றவரின் அடுப்பங்கரை வரை செல்கிறது. அளவையில் மோசம் செய்வோரைக் கண்டித்து ஸூரத்துல் முதஃப்பிஃபீன் என ஓர் அத்தியாயமே நம்மிடம் இருப்பதன் ஆழத்தை இத்தகைய நேரங்களில் உணர்கிறோம்.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

2023 ஏப்ரலில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. ஒரு பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கமே காணொளியாக இருந்தால் மட்டும் தேடல் முடிவில் அதன் படத்தைக் காட்டுவதாகக் கூகுள் அறிவித்தது. கட்டுரையின் ஓரத்தில் பிறருடைய காணொளியை ஒட்டிவைத்துக் கவனம் ஈர்க்கும் பழைய வழி இதனால் பெரிதும் அடைபட்டது. யூடியூப்பில் காணொளியின் கீழே தரும் இணைப்பும் பார்வையாளரை அழைத்து வருமேயன்றி, தேடுபொறியின் கணக்கில் பொதுவாகச் சாட்சியாக நிற்பதில்லை.

அப்படியாயின் காணொளியே வேண்டாமா? அவ்வாறு கூறவில்லை. இருபதாண்டுகளில் படிக்கல் பலமுறை மாறியும், ஐயத்தைத் தீர்க்கும் காணொளிக்கு மதிப்புக் குறையவில்லை. எனவே காணொளி செய்ய முனையும் சகோதரர்களும் பிள்ளைகளும், யார் எந்தக் கேள்வியோடு வருவார் என்பதை முதலில் தீர்மானிக்கட்டும். அக்கேள்வியையே தலைப்பாக வைக்கட்டும். தேடுபொறி இன்றும் எழுத்தையே எளிதில் வாசிக்கிறது. ஆகவே பேசியதை எழுத்தாகவும் கீழே தரட்டும். காது கேளாதவருக்கும் அது உதவியாகும். முகப்புப் படத்தில் காட்டியது உள்ளே இருக்கட்டும்; பார்ப்பவரின் நேரம் நம்மிடம் தரப்பட்ட அமானத் அல்லவா? பிறர் உழைப்பில் உருவானதை அவர் அனுமதியின்றிப் பதிவேற்ற வேண்டாம். விசாரிக்காத செய்தியை எண்ணிக்கைக்காகப் பரப்பவும் வேண்டாம்.

அனைத்திற்கும் மேலாக, பிறருடைய தராசை நம்பி இருக்கும் தொழிலைக் கைவிட வேண்டாம். மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் காணொளித் தளம் தொடங்கப்போவதாகக் கூறினால், கோபப்படாமல் அருகில் அமர்த்தி இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்பதற்கு முன், யாருக்கு என்ன பயன் கிடைத்தது என்று கேளுங்கள். முதற்கேள்விக்கான விடை எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அது நாளையே மாறலாம். இரண்டாவது கேள்விக்கு விடை தேட அவனுக்கு யாருடைய படிக்கல்லும் தேவையில்லை.